ஊராட்சியா, நகராட்சியா: வரி, லீவு, கிராம சபை

கேள்வி:
எங்கள் ஊராட்சியை டவுனோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. சேர்த்தால் வரி மட்டும்தான் ஏறும், வேறு ஒன்றும் வராது என்கிறேன். இல்லை என்று சொல்ல ஆள் உண்டா? இன்னொன்று, நவம்பர் 1 கிராம சபை உண்டா, தீபாவளி லீவில் போய்விடுமா?

27 அக்டோபர் 2024, இரவு

இல்லை என்று சொல்ல நான் இருக்கிறேன் தம்பி. எங்களுடையதும் மதுரை மாவட்டத்தில் ஒரு ஊராட்சிதான், டவுனுக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். ஊர் முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டு வரி, கரண்ட் பில், பட்டா மனு எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. யார் எவ்வளவு கட்டுகிறார், யார் மூன்று வருடமாகக் கட்டவில்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெயர் சொல்ல மாட்டேன், அப்புறம் கடைக்கு ஆள் வராது.

வரி ஏறும், சரி. ஆனால் இப்போது நாம் கட்டுவதெல்லாம் ஒரு வரியா? எங்கள் வீடு 900 சதுர அடி மெத்தை வீடு. வருடத்துக்கு ஐந்நூறு ரூபாயைக்கூடத் தொடவில்லை. அந்தக் காசில் தெருவிளக்கும் எரிய வேண்டும், தண்ணீர்த் தொட்டியும் கழுவ வேண்டும், சாக்கடையும் அள்ள வேண்டும் என்றால் எப்படி? டவுனோடு சேர்ந்தால் குப்பை வண்டியாவது தினமும் வரும்.

நவம்பர் 1 லீவுதான். தீபாவளி 31 வியாழன், மறுநாள் வெள்ளியையும் அரசு லீவு விட்டுவிட்டது. அதற்கு ஈடாக 9-ம் தேதி சனிக்கிழமை வேலை நாள். கிராம சபை வருடத்துக்கு நான்குதானே: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. நவம்பர் 1 எங்கிருந்து வந்தது?

28 அக்டோபர் 2024

திருத்தம். நான்கு இல்லை, ஆறு. 2022-லிருந்து மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்திருக்கின்றன. கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. "கிராம சபை நோட்டீஸை வருஷா வருஷம் ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்குறதே நீதானே தாயி, ஒரு தடவைகூடப் படிச்சுப் பார்த்ததில்லையா?" என்று கேட்டார். ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்குவதோடு என் கவனம் முடிந்துவிடும் போல.

31 அக்டோபர் 2024

நவம்பர் 1 கிராம சபை 23-ம் தேதிக்குத் தள்ளிப் போய்விட்டது. எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள். வெடி வைக்கிறவர்கள் என் கடை வாசலை விட்டுவிடுங்கள், பேப்பர் கட்டு இருக்கிறது.

9 நவம்பர் 2024

இன்று அந்த ஈடுகட்டும் சனிக்கிழமை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தூக்குத் தண்டனைக்குப் போகிற முகத்தோடு போனார்கள். வெள்ளிக்கிழமை கொடுத்ததைச் சனிக்கிழமை பிடுங்குவதற்கு எதற்கு லீவு என்று ஒரு அண்ணன் கேட்கிறார். அண்ணே, சென்னையிலிருந்து ஊருக்கு வந்தவன் திரும்பிப் போக ஒரு நாள் வேண்டாமா? வியாழன் தீபாவளி முடிந்து வெள்ளி காலை பத்து மணிக்குத் தாம்பரத்தில் வேலைக்கு உட்கார வேண்டும் என்றால், தீபாவளி அன்று சாயங்காலமே அவன் பஸ் ஏற வேண்டும். உள்ளூரிலேயே இருக்கிற எனக்கும் உங்களுக்கும் அது புரியாது.

24 நவம்பர் 2024

நேற்று போனேன். நாற்பத்து நான்கு வயதில் முதல் கிராம சபை. கடையை மூடிவிட்டுப் போனதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நஷ்டம் ஈடாகட்டும்.

பதினொரு மணி என்று போட்டிருந்தது. பதினொன்றரைக்கு மைக் வந்தது. எங்கள் ஊராட்சியில் மக்கள்தொகை மூவாயிரத்துக்கு மேல், அதனால் விதிப்படி 200 பேர் இருந்தால்தான் சபை. (500 பேர் வரை உள்ள ஊருக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300.) நான் எண்ணியபோது அறுபத்து மூன்று. அதில் பதினைந்து பேர் டீ வரும் என்று உட்கார்ந்திருந்த சிறுவர்கள். கையெழுத்து நோட்டு மட்டும் நிரம்பிக்கொண்டே போனது. யார் போட்டார், எங்கே போட்டார் என்று கேட்காதீர்கள். நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு அந்த நோட்டு போய் வந்ததை மட்டும் பார்த்தேன்.

வரவு செலவு வாசித்தார்கள். வாசித்த வேகத்தைப் பார்த்தால், ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லப் பழகிய ஆள் போலிருந்தது. வீட்டு வரி என்று வந்த இடத்தில் "நூலக வரி" என்று ஒரு சொல் காதில் விழுந்தது. அட, இதை நான் தினமும் ரசீதில் பார்க்கிறேனே. ஒரு ரூபாய் வரிக்கு பத்துப் பைசா. பக்கத்தில் இருந்த அக்காவிடம் நூலகம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பால்வாடிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிற கட்டடத்தைக் காட்டினார். அதை மோட்டார் ரூம் என்று நினைத்திருந்தேன்.

எழுந்து கேட்டேன். குரல் நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன். "நூலக வரி கட்டுகிறோம், நூலகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது?" குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். குறிக்கவில்லை, பேனாவே எடுக்கவில்லை.

25 நவம்பர் 2024

நேற்று எழுதியதில் நூலக வரி பற்றிப் பாதி தவறு. ஒரு தம்பி நயமாகச் சுட்டிக்காட்டினார், நன்றி. அந்தப் பத்துப் பைசா ஊராட்சியிடம் தங்குவதில்லை. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது, அது நடத்துவது கிளை நூலகங்களை. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வாங்குகிற வரி அது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமே அதுதான். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்குப் பின்னால் நின்று உழைத்தார்.

எங்கள் ஊரில் பூட்டிக் கிடப்பது வேறு. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒன்று என்று கட்டியவற்றில் ஒன்று. 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அந்தத் திட்டத்தில் வந்தன. கட்டடம் ஊராட்சியுடையது, சாவியும் ஊராட்சியுடையது. ஆக நான் கேட்ட கேள்வி சரி, கோபப்பட்ட கணக்குத் தலைப்புதான் தப்பு.

6 ஜனவரி 2025

இரண்டு சேதி. ஒன்று, நேற்றோடு ஊராட்சித் தலைவர், உறுப்பினர்கள் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 28 மாவட்டங்களிலும் இதே கதைதான், இனித் தனி அலுவலர். நெல்லை, தென்காசி, காஞ்சிபுரம் போல 2021-இல் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களுக்கு இது கிடையாது.

இரண்டு, இணைப்புப் பட்டியல் வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெயரும் இருக்கிறது. புத்தாண்டு காலண்டரோடு சேர்த்துக் கொடுத்த மாதிரி.

தலைவர் இருந்தபோது திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தார். காலையில் டீக்கடையிலேயே பிடிக்கலாம். இப்போது யாரைத் திட்டுவது, எந்த பஸ் ஏறிப் போய்த் திட்டுவது என்பதே ஒரு கேள்வி.

7 ஜனவரி 2025

பட்டியலைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, குப்பை வண்டி வரும் என்று. பக்கத்துத் தெருப் பெரியம்மா பாஸ்புக் என்ட்ரி போட்டுத் தரச் சொல்லி வந்தார். "டவுனாயிட்டா எங்க நூறு நாள் வேலை என்னத்தா ஆகும்?" என்றார்.

இருக்காது. அது கிராமப்புறத்துக்கு மட்டுமான திட்டம். ஒரு நாளுக்கு 319 ரூபாய், நூறு நாளும் கிடைத்தால் 31,900. நூறு நாளும் யாருக்கும் கிடைப்பதில்லை என்பது தனிக் கதை. பாதி கிடைத்தாலும் பெரியம்மா போன்றவர்களுக்கு அதுதான் மருந்துக் காசு, பேத்திக்குக் கொலுசு. அந்தக் கூலியும் மாதக்கணக்காய் வரவில்லை. மத்திய அரசிடமிருந்து வர வேண்டிய பணம் நிலுவை. வராத கூலியை நம்பித்தான் பெரியம்மா பாஸ்புக்கோடு வருகிறார். என்ட்ரியில் ஒன்றும் இல்லை. அவரிடம் காசு வாங்கவில்லை.

முதல் குறிப்பில் நான் வரியை மட்டும் பேசியிருக்கிறேன். என் வீட்டில் யாரும் நூறு நாள் வேலைக்குப் போவதில்லை, அதனால் அது கண்ணில் படவே இல்லை.

15 ஜனவரி 2025, திருவள்ளுவர் நாள்

பொங்கல் முடிந்தது, வீட்டில் சண்டையும் முடிந்தது. வருடா வருடம் தை 1 அன்று சித்தப்பா "தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள்" என்று சொல்வார். அப்பா உடனே "சித்திரையில வாங்கிக்கிறேன்" என்பார். இருவரும் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவார்கள்.

தெரியாத இளசுகளுக்குச் சொல்லி வைக்கிறேன். 2008-இல் கலைஞர் ஆட்சியில் தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டமே போட்டார்கள். 2011-இல் ஜெயலலிதா வந்ததும் அதை ரத்து செய்து சித்திரைக்கே திருப்பினார். சித்தப்பா கட்சி: திருவள்ளுவர் ஆண்டு தையில்தான் பிறக்கிறது, கி.பி.யோடு 31 கூட்டினால் கணக்கு வந்துவிடும், இந்தப் பிரபவ, விபவ அறுபதில் தமிழ்ப் பெயர் எங்கே இருக்கிறது? அப்பா கட்சி: சூரியன் மேஷத்துக்கு வருகிற நாள் சட்டசபையைக் கேட்டு வருவதில்லை.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் இரண்டு பேரும் வாயைத் திறக்காத ஒரு விஷயம் உண்டு. சட்டம் இந்தப் பக்கம் இருந்த மூன்று வருடமும் சரி, அந்தப் பக்கம் திரும்பிய பிறகும் சரி, தை 1-ம் லீவு, ஏப்ரல் 14-ம் லீவு. முன்னதைப் பொங்கல் காப்பாற்றுகிறது, பின்னதை அம்பேத்கர் பிறந்தநாள் காப்பாற்றுகிறது. லீவு போயிருந்தால் சண்டை வேறு மாதிரி இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமையும் லீவு விட்டதால் இந்த முறை ஆறு நாள். 25-ம் தேதி சனிக்கிழமை பழைய கடனை அடைக்க வேண்டும்.

16 ஜனவரி 2025

லீவு பற்றி எழுதியதற்கு ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "லீவு இருந்து என்ன அக்கா, பொங்கலன்று பரீட்சை வைத்தார்களே?" உண்மைதான், விட்டுப்போயிற்று. சி.ஏ. பவுண்டேஷன் பரீட்சை 14-ம் தேதி என்று போட்டு, சத்தம் போட்ட பிறகு 16-க்கு மாற்றினார்கள். யு.ஜி.சி. நெட் 15-ம் தேதிப் பரீட்சையை அதற்கு இரண்டு நாளுக்கு முன்புதான் தள்ளினார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் அதற்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்து, பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டாமல் படித்துக்கொண்டிருந்தாள். தள்ளிப் போனது தெரிந்ததும் சந்தோஷப்படவில்லை, அழுதாள். படித்த சூடு ஆறிவிடுமாம்.

2 பிப்ரவரி 2025

கேள்வி கேட்ட தம்பி மறுபடியும் வந்திருக்கிறார்: "ஏறும் ஏறும் என்கிறீர்களே, எவ்வளவு என்று சொல்லுங்கள்." சரி, தங்கச்சி டவுனில் இருக்கிறாள், வீடு எங்கள் வீட்டளவுதான். ரசீதைக் கேட்டு வாங்கினேன்.

2022 ஏப்ரலில் நகரங்களில் ஏற்றினார்களே, அந்தப் படி: சென்னையின் பழைய பகுதியைத் தவிர்த்த மற்ற இடங்களில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. தங்கச்சி வீட்டுக்கு அரையாண்டுக்கு 900 ரூபாய் இருந்தது 1,350 ஆனது. அதன் மேல் 6 சதவீதம் ஏறி இப்போது 1,431. இது ஆறு மாதத்துக்கு. வருடத்துக்கு 2,862. தண்ணீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம் தனி.

என் வீட்டுக்கு ஐந்நூறுக்கும் கீழே. கிட்டத்தட்ட ஆறு மடங்கு.

"இப்போது நாம் கட்டுவதெல்லாம் ஒரு வரியா" என்று அக்டோபரில் எழுதிய புண்ணியவதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. தங்கச்சி வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கு குப்பை வண்டி நிற்கிறது. எங்கள் ஊரில் கண்மாய்க் கரைதான் குப்பை வண்டி. ஆறு மடங்கு அதிகம்தான், ஒரு மடங்குகூட வேண்டாம் என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். நகரத்தில் அரையாண்டு பிறந்து 15 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு.

3 பிப்ரவரி 2025

15 நாள் பழைய கணக்கு. இப்போது ஏப்ரல் 30, அக்டோபர் 31 வரை நேரம் இருக்கிறது, தள்ளுபடி அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. தங்கச்சிக்கு 71 ரூபாய் மிச்சமாகும். சொன்னேன், "அதைக் கட்ட ஆபீஸுக்கு ஆட்டோவில் போனால் சரியாப் போச்சு" என்றாள். இணையத்தில் கட்டேன்டி என்றால் நம்பிக்கை இல்லையாம். என் உடன்பிறப்பு!

23 மார்ச் 2025

நடக்க வேண்டிய தண்ணீர் தினக் கிராம சபை 29-ம் தேதிக்குப் போயிற்று. நிர்வாகக் காரணம். இந்த முறை பண்டிகை மேலும் பழி போட முடியாது.

தள்ளிப் போனதில் ஒரு நன்மை, நோட்டீஸை இம்முறை படித்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்தேன்.

30 மார்ச் 2025

நேற்று கூட்டம் அள்ளியது. நிஜமாகவே இருநூறு தாண்டியிருக்கும். நிழலுக்குப் பந்தல் போதாமல் வேப்பமரத்தடி வரை பெண்கள். காரணம் தண்ணீர் தினம் இல்லை, இணைப்பு. பெரியம்மா முதல் வரிசையில்.

இணைப்பு வேண்டாம் என்று தீர்மானம் எழுதச் சொன்னோம். "கருத்து" என்று பதிந்தார்கள். தீர்மானத்துக்கும் கருத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். அவனை உட்காரச் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை. பெரியம்மா எழுந்து, "அவன உக்காரச் சொல்றீக, நான் நிக்கிறேன், எனக்குச் சொல்லுங்க" என்றார். அரை மணி நேரம் கழித்து "தீர்மானம்" என்று எழுதி, கீழே கையெழுத்து வாங்கினார்கள். இந்த முறை நோட்டு எங்கேயும் போகவில்லை.

நானும் கையெழுத்துப் போட்டேன். குப்பை வண்டிக்காரி எப்படி வேண்டாம் என்று போட்டாள் என்று கேட்பீர்கள். பெரியம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதுதான் பதில், கௌரவமான பதில் இல்லை.

14 ஏப்ரல் 2025

விசுவாவசு வருடம் பிறந்தது. அப்பா பஞ்சாங்கம் வாசித்தார். சித்தப்பா போன் செய்து "அண்ணே, அம்பேத்கர் பிறந்தநாள் வாழ்த்துகள்" என்றார். மாங்காய்ப் பச்சடி சாப்பிட மட்டும் வந்துவிட்டார்.

நூறு நாள் கூலி இந்த மாதத்திலிருந்து 336.

13 மே 2025

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார், மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை. ஒருவர் பாங்கு திறந்திருக்கிறதே, எப்படி என்று கேட்டிருக்கிறார். கலெக்டர் அறிவிப்பின் கடைசி வரி வரை படியுங்கள் அண்ணே. "செலாவணி முறிச் சட்டத்தின்படி பொது விடுமுறை நாள் அல்ல" என்று ஒவ்வொரு வருடமும் எழுதுகிறார்கள். 1881-ஆம் வருடச் சட்டம், பாங்கு லீவெல்லாம் அதன்படிதான். பள்ளிக்கூடம் மூடும், பாங்கு மூடாது. அழகருக்காக வெள்ளைக்காரன் சட்டம் வளைந்து கொடுக்காது.

3 அக்டோபர் 2025

ரொம்ப நாளாக எழுதவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இப்போது பரவாயில்லை.

நேற்று காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒரே நாளில் வந்து விழுந்தன. ஒரு லீவு போச்சே என்று ஊரே துக்கம் விசாரிக்கிறது. கிராம சபையும் 11-ம் தேதிக்குப் போய்விட்டது. நவம்பர், மார்ச், அக்டோபர் என்று பார்த்தால் ஒரு வருடத்துக்குள் மூன்று சபை தள்ளிப் போயிருக்கிறது. அப்படித் தள்ளிய நாளில்தான் இரண்டு முறையும் நான் போனேன். மே 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும், தள்ளாமல் நடந்ததற்கு, போகவில்லை. லீவு நாளில் வீட்டில் சமையல் யார் செய்வது?

12 அக்டோபர் 2025

நேற்று மறுபடியும் நூலகத்தைக் கேட்டேன். இந்த முறை குரல் நடுங்கவில்லை, கணக்குத் தலைப்பும் தப்பவில்லை. "அண்ணா மறுமலர்ச்சித் திட்டக் கட்டடம், ஊராட்சிச் சொத்து, திறந்து காட்டுங்கள்" என்றேன். ஊராட்சிச் செயலர் சாவிக் கொத்தில் ஏழாவது சாவியில் திறந்தார். உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை, உடைந்த தெருவிளக்கு, பழைய வாக்குச்சாவடிப் பலகை. அவற்றுக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் புத்தகங்கள் அடுக்கியபடியே இருந்தன. கீழ்த் தட்டு கரையானுக்குப் போயிற்று. மேல் இரண்டு தட்டு தப்பித்திருக்கிறது.

யார் பார்த்துக்கொள்வது என்று செயலர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியம்மாவும்தான்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: இணைப்பு பற்றி எங்கள் கைக்கு இன்னும் ஒரு தாளும் வரவில்லை. சாவி இப்போது என் கடை மேஜை டிராயரில் இருக்கிறது. கரையானுக்கு வேப்பெண்ணெய் போதுமா, வேறு மருந்து அடிக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், மேல் தட்டுக்கு ஏற ஆரம்பித்துவிட்டது.